ஊதா நாக்கு

வயர்லெஸ் கரகரத்தது.

"ஏழாம் நம்பர் வண்டி. லீனா, இருக்கியா?"

ஷெட்டிலிருந்து மேஸ்திரி கஸ் கூப்பிட்டார். லீனா ஹார்யு பிளேடைத் தூக்கி, பனி தள்ளும் லாரியைத் தெருவோரம் நிறுத்தினாள். புயல் நாளில் கஸ் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்று சாலை மூடியிருக்கும், இல்லை யாராவது பள்ளத்தில் இறங்கியிருப்பார்கள்.

"இருக்கேன் கஸ்."

"ஸ்கூல்லேர்ந்து நர்ஸ் போன் பண்ணாங்க. உன் பையன் நல்லாத்தான் இருக்கான், அத முதல்ல சொல்லணும்னு சொன்னாங்க, சொல்லிட்டேன். ஆனா அவன் கிளாஸ்ல ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். நீ இப்பவே போய் ஈரோவக் கூட்டிட்டு வரணுமாம்."

லாரிக்குள் ஹீட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. லீனாவின் விரல்கள் மட்டும் சில்லிட்டன.

ஈரோவுக்கு எட்டு வயது. அக்டோபரில் அவனுக்குச் சிறுநீரகம் மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்ததை உடம்பு விரட்டிவிடக்கூடாது என்பதற்காக, உடம்பின் காவல்காரனையே மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். மற்ற குழந்தைக்கு மூக்கொழுகலோடு போகிற காய்ச்சல் ஈரோவுக்கு வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் நிச்சயம். புதுச் சிறுநீரகமே கையை விட்டுப் போகவும் வழி உண்டு.

இந்த பிப்ரவரியில்தான் பள்ளிக்குத் திரும்பியிருந்தான். அவனுக்காகப் பள்ளி பழைய விதிகளையே தூசி தட்டி எல்லாப் பெற்றோருக்கும் மறுபடி சொன்னது. காய்ச்சல் மருந்து எதுவும் தராமல், ஒரு முழு நாள் உடம்பு சுடாமல் இருந்தால்தான் குழந்தையை அனுப்பலாம். மாத்திரை எதுவும் குழந்தையின் கையில் இருக்கக்கூடாது, நர்ஸ் அறை அலமாரியில்தான் இருக்க வேண்டும். அதையும் மீறி வகுப்பில் யாருக்காவது சுட்டால் ஈரோ வீட்டுக்குத்தான் முதல் போன்.

அந்தப் போன்தான் வந்திருக்கிறது.

"என் கார் ஷெட்டுல நிக்குது கஸ். வந்து எடுத்துட்டு..."

"நீ ஸ்கூலுக்கு ரெண்டு தெரு தள்ளி நிக்கற. லாரியிலயே போ."

"லாரில குழந்தைய ஏத்தக்கூடாதே."

"ஏத்தக்கூடாதுதான். எனக்கு இன்னிக்குக் கண்ணாடில ஒரே பனி. எதுவும் சரியாத் தெரியல."

அந்த வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால் எல்லா டிரைவர்களும் கேட்பார்கள். கஸ் இப்படி ஏதாவது சொன்னால் முதல் ஆளாகக் கிண்டலடிப்பவள் பன்னிரண்டாம் நம்பர் வண்டி ரோண்டா பெல்மேர். இன்று அவள் வாயே திறக்கவில்லை. அந்த நேரத்தில் லீனா அதைக் கவனிக்கவில்லை.

* * *

பள்ளியின் பக்கவாட்டுக் கதவில் நர்ஸ் ஓடெட் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் முகமூடி, கோட், குல்லாயோடு ஈரோ. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதில் கோபம்.

"அம்மா, இன்னிக்கு பீட்சா நாள். பாதிதான் சாப்பிட்டேன்."

"மீதிய கட்டிக் குடுத்திருக்கேன் ராஜா, பையில இருக்கு" என்றாள் ஓடெட். பிறகு லீனாவை இரண்டடி தள்ளி நிறுத்தினாள். "நூத்தி ரெண்டு டிகிரி. சாப்பாட்டு மேசையிலேயே அந்தக் குழந்தை தலையச் சாய்ச்சிடுச்சு. நாக்கப் பாத்தேன். ஊதாவா இருந்துச்சு."

ஓடெட் மேலே விளக்கவில்லை. குழந்தைகள் மென்று தின்கிற காய்ச்சல் மாத்திரை திராட்சை ருசியில் வரும். ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். காலையில் ஒன்றைத் தின்னக் கொடுத்துச் சூட்டை அமுக்கி, பஸ் ஏற்றிவிடுகிற வித்தையும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

"என்ன காய்ச்சல்?"

"டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். நான் எடுக்க முடியாது, பெத்தவங்கதான் கிளினிக்குக் கூட்டிட்டுப் போகணும். செல்லுக்குப் போட்டுட்டே இருக்கேன், எடுக்கல. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு வேலை பாக்கற இடத்துக்குப் போடணும்."

"யாரு அது ஓடெட்?"

"சொல்ல மாட்டேன்."

"என் பையன் உயிரு ஓடெட்."

"தெரியும். ஈரோவுக்கு முடியாம இருந்தப்ப ஊரே என்கிட்ட வந்து கேட்டுச்சு. அப்பவும் நான் வாயத் தொறக்கல. நீ வேணும்னா இங்கேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் பேசு."

பள்ளிப் போனிலேயே லீனா சிறுநீரக டாக்டரின் உதவியாளரைப் பிடித்தாள். பதில் சுருக்கமாக வந்தது. ஃப்ளூ என்றால் உள்ளூர் மருந்துக்கடையில் தடுப்பு மருந்து வாங்கி இன்றே ஆரம்பிக்கலாம். அம்மை வகை என்றால் ஊசி போட வேண்டும், அதற்கு ஏரிப் பாலத்தைத் தாண்டித் தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். எது என்று தெரியாமல் எல்லா மருந்தையும் அந்தச் சின்னச் சிறுநீரகத்தின் தலையில் கொட்ட முடியாது. மாலைக்குள் தெரிந்து சொல்லுங்கள்.

லீனா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். ஏரிப் பக்கமிருந்து வெள்ளைச் சுவர் போலப் பனி வந்துகொண்டிருந்தது. இந்தக் காற்றில் மாலைக்குள் பாலத்தை மூடிவிடுவார்கள்.

யாரோ ஒரு தாய் அல்லது தகப்பன், எங்கேயோ, செல்லை எடுக்காமல் இருக்கிறார். அந்த ஆள் எடுத்தால்தான் காய்ச்சலுக்குப் பெயர் கிடைக்கும்.

* * *

லாரியில் ஏறியதும் ஈரோவின் கோபம் பறந்துவிட்டது. பனி தள்ளும் லாரியின் உயரத்திலிருந்து அவன் ஊரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ஹார்ன் அடிக்கட்டுமா?"

"வேணாம்."

"ஒரே ஒரு தடவை."

"ஈரோ, நீ யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட?"

"யார் பக்கத்துலயும் இல்ல. ஹேசல்தான் எப்பவும் என் பக்கத்துல உக்காருவா. இன்னிக்கு அந்தக் கோடிக்குப் போயிட்டா. ஏன்டி போறன்னு போய்க் கேட்டேன். உன் பக்கத்துல உக்காரக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்கன்னா."

லீனாவின் கால் பிரேக்கைத் தொட்டது.

"அப்புறம்?"

"நான் கோவிச்சுக்கிட்டேன். அவ பாவமா மூஞ்ச வச்சுக்கிட்டு, கோவிச்சுக்காத, இந்தா மிட்டாய்னு பாக்கெட்லேர்ந்து ஒண்ணு குடுத்தா. ஊதாவா இருந்துச்சு. அவளும் ஒண்ணு தின்னா."

லாரி நடுத்தெருவில் நின்றுவிட்டது. சிறுநீரகம் மாற்றியவர்கள் தொடவே கூடாத மாத்திரைகள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தவற்றில் முதலில் இருந்தது அந்தக் காய்ச்சல் மாத்திரைதான்.

"தின்னியா? ஈரோ, என்னப் பாரு. தின்னியா?"

"மாத்திரன்னா நர்ஸ் கையால மட்டும்தான். நீதானே சொன்ன." அவன் அலுத்துக்கொண்டான். "அது மிட்டாய் இல்ல, மாத்திரைன்னு வாசனையிலேயே தெரிஞ்சுடுச்சு. நர்ஸ்கிட்ட கொண்டுபோய்க் குடுத்தேன். அதனாலதான் அவங்க ஹேசலப் பாக்க ஓடி வந்தாங்க. நான் போட்டுக் குடுத்துட்டேன்னு ஹேசல் இனிமே என்கூடப் பேச மாட்டா."

லீனா அவன் குல்லாயோடு சேர்த்துத் தலையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பின்னால் நின்ற கார்க்காரர் ஹார்ன் அடித்தார்.

"நீ அடி" என்றாள்.

ஈரோ லாரியின் ஹார்னை அழுத்தினான். தெருவே அதிர்ந்தது.

ஹேசல். ஹேசல் பெல்மேர். பன்னிரண்டாம் நம்பர் வண்டி ரோண்டாவின் மகள்.

ஈரோ பக்கத்தில் உட்காராதே என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அப்படியென்றால் தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறாள்.

* * *

லீனாவின் கணவன் மார்ட்டி ஏரிக் கப்பலில் வேலை பார்ப்பவன். ஏரி உறைந்து கப்பல் கரையில் கட்டிக் கிடக்கிற மாதங்களில் மட்டும் வீட்டில் இருப்பான். ஈரோவின் மருந்து வாங்கப் பக்கத்து நகரத்துக்குப் போயிருந்தவன் அப்போதுதான் திரும்பியிருந்தான். பையனை அவனிடம் ஒப்படைத்து, பாலம் தாண்ட வேண்டியிருந்தால் உடனே கிளம்பத் தயாராய் இரு என்று சொல்லிவிட்டு, லீனா லாரியை ஷெட்டுக்கு ஓட்டினாள்.

வழியெல்லாம் வார்த்தைகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டே போனாள். ரோண்டாவின் முகத்துக்கு நேரே வீசுவதற்கு.

ஷெட்டில் காபி மேசையின் மேல் லீனா திங்களன்று கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியின் கடைசித் துண்டு கிடந்தது. அக்டோபரில் ஈரோ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மார்ட்டி நடு ஏரியில் இருந்தான். லீனாவின் சொந்த லீவு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஆனாலும் ஒரு நாள்கூட அவள் மகனை விட்டு நகர வேண்டி வரவில்லை. ஷெட்டில் யாரோ தங்கள் சிக் லீவை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். யார் என்று அலுவலகம் சொல்லாது, கேட்கவும் கூடாது. அதனால் லீனா வாராவாரம் ரொட்டி சுட்டு மேசையில் வைத்தாள். யார் கொடுத்தார்களோ அவர்கள் வயிற்றுக்குள்ளும் போகட்டும் என்று. முக்கால்வாசியை ரோண்டாதான் தின்பாள். தின்றுகொண்டே, "ஏலக்காய் என்ன அவ்வளவு வெலையா? கண்ணுலயே காட்டல" என்பாள்.

ரோண்டா கஸ்ஸின் ஜன்னலுக்கு முன்னால் நின்றிருந்தாள். ஆறடி உயரம், ஆண்களின் தோள். கையில் குல்லாயைப் பிழிந்துகொண்டிருந்தாள். பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. கஸ்ஸிடம் எதையோ கேட்க வந்து, கேட்க முடியாமல் நிற்கிறாள்.

"ரோண்டா."

திரும்பினாள். லீனாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மலை மேல செல் எடுக்காது, வயர்லெஸ்லதான் கேட்டேன்" என்றாள் ரோண்டா. "உடனே திருப்பிட்டேன். ஈரோ எப்படி இருக்கான்?"

"எப்படி இருக்கான்னு என்ன கேக்கற? தெரிஞ்சேதானே அனுப்பின. அவன் பக்கத்துல உக்காராதன்னு சொல்லி அனுப்பற அளவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ராத்திரி லேசாத்தான் சுட்டுச்சு. காலைல எழுந்து ஓடியாடினா. ஒரு மாத்திர குடுத்தா அடங்கிடும்னு..."

"மதியத்துக்கு ரெண்டு பாக்கெட்ல போட்டு அனுப்பிச்சியே, அதுவும் அடங்கிடும்னா? அதுல ஒண்ண என் பையனுக்கு நீட்டியிருக்கா உன் பொண்ணு. அவன் தின்னிருந்தா?"

ரோண்டாவின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கியது. அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தின்னல" என்றாள் லீனா. "உன் புண்ணியத்துல இல்ல."

கஸ் ஜன்னலுக்குப் பின்னால் இல்லாத காகிதத்தைத் தேடினார்.

"ஒரு நாள் லீவு போட்டிருக்கலாமே ரோண்டா. ஒரே ஒரு நாள். எனக்கு முந்தி சேந்தவ நீ. ஜலதோஷம்னுகூட நீ லீவு போட்டு நான் பாத்ததில்ல. உன்கிட்ட லீவு மலை மாதிரி குமிஞ்சு கிடக்கணுமே."

"இல்ல."

"என்ன இல்ல?"

"லீவு இல்ல. விடு."

"எப்படி இல்லாமப் போகும்? எங்க போச்சு?"

ரோண்டாவின் பார்வை எங்கும் நிற்காமல் சுற்றி, மேசையில் கிடந்த அந்தக் கடைசி ரொட்டித் துண்டில் போய் விழுந்து, சட்டென்று நகர்ந்தது.

லீனா அதைப் பார்த்துவிட்டாள்.

ஷெட்டில் எங்கோ ஒரு லாரியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆஸ்பத்திரி நடைபாதை லீனாவின் கண் முன் வந்தது. ஈரோ முதன்முதலாக எழுந்து நடந்த அன்று அவள் கை அவன் முதுகில் இருந்தது. வலியில் அவன் இரவெல்லாம் முனகியபோது அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அப்போது இந்த ஆறடிப் பெண் இங்கே பனியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். உடம்பு சரியில்லாவிட்டாலும் ஓடியிருப்பாள். அவளிடம் லீவு இல்லை.

"எல்லாமுமா?" என்றாள் லீனா.

"பாதி தரலாம்னுதான் போனேன். அந்த ஆபீஸ் பொண்ணு உன் லீவு இன்னியோட தீருதுன்னா. ஒரு கோவத்துல எல்லாத்தையும் போட்டுக்கோன்னுட்டேன். எனக்கு என்ன வந்துடப் போகுது, குதிர மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். ஹேசலுக்கு வரும்னு நெனைக்கல." ரோண்டா மூக்கை உறிஞ்சினாள். "இப்ப ஒரு நாள் வரலன்னாலும் சம்பளம் போனா போகுது. ஆனா புயல் நாள்ல லீவு இல்லாம நின்னா மெமோ குடுத்துடுவாங்க. எனக்கு ஏற்கெனவே ரெண்டு குடுத்தாச்சு. மூணாவது விழுந்தா வண்டியப் பிடுங்கிடுவாங்க. அப்புறம் மலை ரோட்ட நான் தள்ளலன்னா ஸ்கூல் பஸ்ஸே ஏறாது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உனக்குத் தெரிஞ்சுடுமே. அப்புறம் ரொட்டியக் குறை சொல்ல முடியுமா?"

லீனா வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதை வைப்பதற்கு இடம் இல்லை. பாலத்தை மூடுவதற்குள் ஒரு குழந்தைக்கு டெஸ்ட் எடுத்தாக வேண்டும்.

கையை நீட்டினாள்.

"சாவி."

"என்னது?"

"பன்னிரண்டாம் நம்பர் சாவி. மலை ரோட்ட நான் தள்ளறேன். என் தெருவெல்லாம் முக்கால்வாசி முடிஞ்சாச்சு, மிச்சத்தையும் பாத்துக்கறேன். கஸ், ஆள் மாத்தினா அது லீவு ஆகாதுல்ல?"

கஸ் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். "ஆள் மாத்தறதுக்கு ரூல்ல எடம் இருக்கு. ரோடு சுத்தமா இருந்தா போதும். யார் தள்ளினாங்கன்னு பனி வந்து சாட்சி சொல்லாது."

ரோண்டா சாவியைக் கொடுத்தாள்.

"ஹேசலக் கூட்டிட்டு நேரா கிளினிக் போ" என்றாள் லீனா. "என்ன காய்ச்சல்னு தெரிஞ்சதும் கஸ்ஸுக்குச் சொல்லு. மார்ட்டி கார ஓடவிட்டுத் தயாரா வச்சிருப்பான்."

ரோண்டா ஓடினாள். அந்த உருவம் ஓடுவதை ஷெட்டில் யாரும் பார்த்ததில்லை.

* * *

மலைச் சாலை எவ்வளவு மோசம் என்று லீனாவுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் தடுப்புச் சுவர்கூட இல்லாமல் ஏரி. காற்று லாரியைப் பிடித்துத் தள்ளியது. பிளேடு தள்ளிய இடத்தில் மறுபடி பனி விழுந்தது. அவள் போய்த் திரும்பி, மறுபடி போனாள். வயர்லெஸ்ஸில் மற்ற டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் கஸ்ஸின் குரலுக்காக மட்டும் காத்திருந்தாள்.

பாலத்தில் பெரிய வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். சின்ன வண்டிகளையும் நிறுத்தப் போகிறார்களாம்.

"பன்னிரண்டாம் நம்பர்."

அது தன்னைத்தான் என்று அவளுக்கு ஒரு கணம் உறைக்கவில்லை.

"பன்னிரண்டாம் நம்பர். லீனா."

"சொல்லுங்க கஸ்."

"ரோண்டா கிளினிக்லேர்ந்து பேசினா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க, மறைக்க ஒண்ணும் இல்லைன்னு அவளே சொன்னா. அதனால சொல்றேன். ஹேசலுக்கு ஃப்ளூ. வெறும் ஃப்ளூ. அம்மையெல்லாம் இல்ல. மார்ட்டிக்கும் சொல்லிட்டேன். மருந்துக்கடையில நின்னுட்டிருக்கான்."

லீனா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தாள். இன்றே ஆரம்பிக்கலாம். உள்ளூரிலேயே. பாலம் மூடினால் மூடட்டும்.

"கேட்டுச்சா லீனா?"

"கேட்டுச்சு."

"இன்னொண்ணும் சொல்லச் சொன்னா. அந்த வளைவுல பிளேட கொஞ்சம் தூக்கிக்கணுமாம், கீழ பாறை இருக்காம். என் வண்டில கீறல் விழுந்தா கொன்னுடுவேன்னா."

வயர்லெஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் இன்னொருவர். லீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளேடைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். சிறிது நேரத்தில் பின்னால் மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. பள்ளி பஸ்கள் வரிசையாக, அவள் தள்ளிய தடத்தில், மலை ஏறி வந்தன.

* * *

ஈரோவுக்குக் காய்ச்சல் வரவில்லை. தடுப்பு மருந்து கசந்தது என்பதுதான் அவன் புகார். டாக்டர் சொன்ன நாட்கள் வீட்டில் இருந்துவிட்டு, கட்டிக் கொடுத்த பாதி பீட்சாவின் கதையைச் சொல்லிக்கொண்டே பள்ளிக்குத் திரும்பினான். ஹேசல் ஒரு முழு நாள் மருந்தில்லாமல் சுடாமல் இருந்து, அதற்கு மேலும் ஒரு நாள் இருந்து, அப்புறம்தான் வந்தாள். வந்ததும் ஈரோவிடம் நாக்கை நீட்டிக் காட்டினாளாம், ரோஸ் நிறம்தான் பாரு என்று. பேச்சுவார்த்தை அதோடு சரியாகிவிட்டது.

அடுத்த திங்கள் லீனா இரண்டு ரொட்டி சுட்டாள். ஏலக்காயைக் கை நிறையப் போட்டாள். ஒன்றை மேசையில் வைத்தாள். மற்றொன்றைத் துணியில் சுற்றி ரோண்டாவின் மடியில் வைத்தாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். ரோண்டா கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்வதற்கு நேரமெடுத்துக்கொண்டாள்.

"இப்ப ஏலக்காய் ஜாஸ்தி" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஷெட்டில் ஒரு வழக்கம் தொடங்கியது. யார் தொடங்கியது என்று யாரும் சொல்லவில்லை. விடியலில் வயர்லெஸ் கரகரக்கும். எந்த வண்டி என்றுகூடச் சொல்லாமல் பழகிய ஒரு குரல், "கஸ், இங்க ஊதா நாக்கு" என்னும். யார் குழந்தை, என்ன காய்ச்சல் என்று ஒருவரும் கேட்பதில்லை. கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் வேறொரு குரல், பெரும்பாலும் லீனாவுடையது:

"அந்த ரோட்ட நான் எடுத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."